ஓடுதளத்திலிருந்து நிர்வாகக் குழுவுக்கு: நவால் எல் முத்தவக்கில் சென்ற வழி

கேள்வி: தடையோட்டக்காரி

அனைவருக்கும் வணக்கம். நான் மாநில அளவில் 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடியவள். ஓட்டத்தை விட்டுப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் ஒரு தடகளச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேரும்படி என்னைக் கேட்டார்கள். "குழுவில் ஒரு பெண் உறுப்பினர் தேவைப்படுகிறது, நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்" என்பதற்கு மேல் அந்த அழைப்பில் வேறெதுவும் இல்லை. என்ன பொறுப்பு, எத்தனை ஆண்டுகள், வாக்கு உண்டா என்று நான் கேட்டதற்கு, "வந்து பாருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார்கள்.

பார்வையாளராக ஒரு கூட்டத்துக்குச் சென்றேன். பதினொரு ஆண்கள், நான் ஒருத்தி. எல்லோரும் உட்கார்ந்த பிறகே பொருள்நிரல் தரப்பட்டது. வரவு செலவுக் கோப்பு மேசையைச் சுற்றி வந்தபோது, எனக்கு இடப்புறம் இருந்தவர் அதை என் முகத்துக்கு முன்பாகவே நீட்டி வலப்புறம் இருந்தவரிடம் கொடுத்தார். என்னை அவமதிக்க வேண்டும் என்று அவர் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கை அப்படிப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பரிசளிப்பு விழாவில் பதக்கத் தட்டை ஏந்தி நிற்பது யார் என்ற பேச்சு வந்தபோது மட்டும் பதினொரு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

என்னை உறங்கவிடாத செய்தி வேறொன்று. அதே கூட்டத்தில், அடுத்த போட்டியிலிருந்து சிறுமியர் தடை ஓட்டத்தை நீக்கிவிடுவது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். பெயர்ப்பதிவு குறைவு என்பது காரணம். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. நான் பார்வையாளர் என்பதால் வாய் திறக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு வாய்த்த எல்லாமே அந்த ஓட்டத்தின் வழியாக வந்தவை.

அன்றிலிருந்து நவால் எல் முத்தவக்கில் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரும் என் ஓட்டத்தை ஓடியவர். ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பின்னர் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் துணைத் தலைவர் பொறுப்பு வரை சென்றவர். அவர் வகித்த பதவிகளின் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. ஆனால், பெண்களே இல்லாத ஓர் அறைக்குள் நுழைந்த ஒருவர் அங்கே அலங்காரப் பொருளாக உட்கார்ந்துவிடாமல் வேலை செய்ய முடிந்தது எப்படி என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன். நான் அந்தக் குழுவில் சேரலாமா, சேர்ந்தால் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் கடமைப்பட்டிருப்பேன்.

---

மறுமொழி 1: பழைய பந்தயங்கள்

தோழிக்கு வணக்கம். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பந்தயத்திலேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம். 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். நவால் 54.61 வினாடியில் முதலாவதாக வந்தார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41, நம்முடைய பி.டி. உஷா 55.42. நம்மில் பலருக்கு அந்த நான்காம் இடமும் நூறில் ஒரு பங்கு வினாடியும்தான் நினைவில் நிற்கின்றன. முதலில் வந்தவரின் பெயரைக் கேட்டால் தடுமாறுவோம்.

அந்த ஓட்டம் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. பெண்களின் மாரத்தானும் அதே 1984-இல்தான் முதன்முதலாக வந்தது. பெண்களால் நானூறு மீட்டரில் பத்துத் தடைகளைத் தாண்ட முடியாது என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. ஓட்டம் இல்லாமல் இருந்ததற்குக் காரணம், அதைச் சேர்க்க வேண்டும் என்று எந்தக் குழுவும் அதுவரை தீர்மானிக்கவில்லை என்பதுதான். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள்; ஓடி முடித்துச் சிலர் களைத்து விழுந்ததைப் பெரிதுபடுத்தி அதை நீக்கினார்கள்; மீண்டும் சேர்த்தது 1960-இல். முப்பத்திரண்டு ஆண்டுகள். நீங்கள் அந்த அறையில் கண்ட இரண்டு நிமிடத் தீர்மானத்துக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது. ஆகவே உங்களுக்கு உறக்கம் வராததில் வியப்பில்லை.

பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1894-இல் தொடங்கியது. முதல் பெண் உறுப்பினர்கள் 1981-இல்தான் உள்ளே வந்தார்கள்: வெனிசுவேலாவின் ஃப்ளோர் இசாவா ஃபொன்சேகா, பின்லாந்தின் பிர்யோ ஹாக்மன். முன்னவர் குதிரையேற்ற வீராங்கனை, பின்னவர் ஓட்டப்பந்தய வீராங்கனை. எண்பத்தேழு ஆண்டுகள் மூடியிருந்த கதவு வழியாக முதலில் நுழைந்த இருவரும் களத்திலிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி நவாலின் பாதை. 1962-இல் காசாபிளாங்காவில் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகையில் படித்தார். அங்கு சென்ற சிறிது காலத்திலேயே, ஓட்டத்தில் தமக்குப் பெருந்துணையாக நின்ற தந்தையை இழந்தார். அடுத்த ஆண்டே தங்கம். அது மொராக்கோ நாட்டுக்கே முதல் ஒலிம்பிக் தங்கம். அரபு உலகப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுவே. சயீத் அவுயிதா 5000 மீட்டரில் வென்றது அதற்கு மூன்று நாட்களுக்குப் பிறகு. நவால் வென்ற அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கு நவால் என்று பெயரிடும்படி மன்னர் இரண்டாம் ஹசன் சொன்னதாக வழங்கும் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்னர் பெயர் சூட்டச் சொன்னார் என்ற செய்தியை எல்லோரும் எழுதுகிறார்கள். 1993-இல் நவால் காசாபிளாங்காவில் பெண்களுக்கென்று 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார் என்பதைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அவருடைய நிர்வாக வாழ்க்கையின் அடித்தளம் அந்த ஓட்டம்தான். பல்லாயிரம் பெண்கள் தெருவில் இறங்கி ஓடினார்கள். வயதானவர்களும் பள்ளிச் சிறுமிகளும் முக்காடு அணிந்தவர்களும் அணியாதவர்களும் ஒன்றாக ஓடினார்கள். அப்படிப்பட்ட ஒன்றை நடத்த நகராட்சியிடம் சாலையை மூடக் கேட்க வேண்டும், காவல்துறையிடம் பேச வேண்டும், பணம் திரட்ட வேண்டும், மருத்துவ உதவியும் தண்ணீரும் ஏற்பாடு செய்ய வேண்டும். பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பின் ஆட்சிக் குழுவில் அவர் இடம்பெற்றது 1995-இல். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் 1998-இல். அதாவது, மேசைக்கு வருவதற்கு முன்பே அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது. "பெண்கள் ஓட வரமாட்டார்கள்" என்று அந்த அறையில் யார் சொன்னாலும், அதை மறுக்க அவருக்கு வாதம் தேவைப்பட்டிருக்காது.

அவர் உள்ளே வந்த நேரமும் சாதாரணமானதன்று. 1998 இறுதியில், 2002 குளிர்கால ஒலிம்பிக் போட்டி சால்ட் லேக் சிட்டிக்குக் கிடைத்த விதம் பற்றிய ஊழல் வெடித்தது. உறுப்பினர்கள் பலர் வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு, போட்டியை நடத்த விரும்பும் நகரங்களுக்கு உறுப்பினர்கள் தனித்தனியே சென்று வருவது தடை செய்யப்பட்டது. எந்த நகரம் தகுதியானது என்பதை அறிய அவர்களுக்கு முக்கியமாகக் கிடைத்தது மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை. 2012 போட்டிக்கான மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நவால். பாரிஸ், லண்டன், மாட்ரிட், மாஸ்கோ, நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களின் அரங்குகள், தங்குமிடம், போக்குவரத்து, நிதி, பாதுகாப்பு ஆகியவற்றை நேரில் பார்த்து எழுதும் வேலை அது. 2016 போட்டிக்கும் அவரே தலைவர். ரியோ தேர்வான பிறகு, அந்நகரின் ஆயத்தங்களைக் கண்காணித்த ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். 2012 முதல் 2016 வரை துணைத் தலைவராக இருந்தார். 2024-இல் மீண்டும் அப்பொறுப்புக்குத் தேர்வானார். இடையில் 2007 முதல் 2009 வரை தம் நாட்டின் இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர்.

இதில் எனக்குப் படுவது இதுதான். அவருக்குக் கிடைத்த பொறுப்புகள் பெண்கள் நலக் குழுவோடு நின்றுவிடவில்லை. நிதியும் கட்டுமானமும் போக்குவரத்தும் உள்ள கோப்புகள் அவர் கைக்கு வந்தன. அவற்றை அவர் படித்தார். உங்கள் மேசையில் உங்களைத் தாண்டிப் போனது எந்தக் கோப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

---

மறுமொழி 2: துணைவிதி

முந்தைய பதிவர் சொன்னவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரு தனிமனிதரின் திறமையையும் உறுதியையும் முன்வைத்து இதைப் பேசுவதில் எனக்கு ஓர் ஐயம் எப்போதும் உண்டு. நவாலைப் போல ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தால்தான் ஒரு பெண் அந்த அறைக்குள் மதிக்கப்படுவாள் என்றால், சராசரித் திறமையுள்ள ஆண்கள் எந்தப் பதக்கமும் இல்லாமல் எல்லாக் குழுக்களிலும் உட்கார்ந்திருப்பதை எப்படி விளக்குவது? மாற்றத்தைக் கொண்டுவந்தவை எழுதப்பட்ட விதிகள். நான் பல ஆண்டுகளாகச் சங்கங்களின் துணைவிதிகளைப் படித்து வருபவன். அதனால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

1996-97 காலத்தில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தேசிய ஒலிம்பிக் குழுக்களுக்கு ஓர் இலக்கு வைத்தது: முடிவெடுக்கும் இடங்களில் 2000-க்குள் 10 விழுக்காடு, 2005-க்குள் 20 விழுக்காடு பெண்கள். இலக்கு என்பதால் எட்டியவர்கள் எட்டினார்கள், எட்டாதவர்கள் அறிக்கை எழுதினார்கள். உலகத் தடகள அமைப்பு (முன்பு பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு) 2016-இல் தன் சட்டத்தையே திருத்தியது. இருபத்தாறு பேர் கொண்ட ஆட்சிக் குழுவில் 2019-இல் குறைந்தது 7 பெண்கள், 2023-இல் 10, 2027-இல் 13 என்று எண்ணிக்கையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். துணைத் தலைவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2019-இல் கொலம்பியாவின் ஜிமேனா ரெஸ்ட்ரெப்போ, 1992 பார்சிலோனாவில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றவர், அந்த அமைப்பின் முதல் பெண் துணைத் தலைவரானார். 2023 புடாபெஸ்ட் தேர்தலில் 13 பெண்கள் வந்துவிட்டார்கள். குறித்த ஆண்டுக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே. தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை என்று அதற்கு முன் சொல்லப்பட்டு வந்த காரணம், விதி வந்த ஏழே ஆண்டுகளில் காணாமல் போயிற்று.

இன்னோர் எடுத்துக்காட்டு. 2021 பிப்ரவரியில், டோக்கியோ போட்டியின் ஏற்பாட்டுக் குழுத் தலைவராக இருந்த யோஷிரோ மோரி, பெண்கள் அதிகம் இருந்தால் கூட்டம் நீண்டுகொண்டே போகும் என்ற பொருளில் பேசி, எதிர்ப்பு எழுந்ததால் பதவி விலகினார். அவர் இடத்துக்கு வந்த செய்கோ ஹாஷிமோதோ, பனிச்சறுக்கு வேக ஓட்டத்திலும் மிதிவண்டிப் பந்தயத்திலும் ஏழு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றவர். அவர் வந்த சில வாரங்களில் 12 பெண்கள் புதிதாக நியமிக்கப்பட்டார்கள். நிர்வாகக் குழுவில் பெண்களின் பங்கு சுமார் 20 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்ந்தது. ஒரே மாதத்தில் செய்ய முடிந்ததை அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு, வலியுறுத்த யாரும் இல்லை என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் 2025-இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தேசியக் கூட்டமைப்புகளின் செயற்குழுவில் 15 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், அவர்களில் குறைந்தது நான்கு பேர் பெண்களாகவும் குறைந்தது இருவர் சிறந்த விளையாட்டு வீரர்களாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கீழ்மட்டச் சங்கங்களுக்கும் அந்தக் காற்று வீசத் தொடங்கியிருப்பதால்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று கருதுகிறேன். அதில் உங்களுக்கு வருத்தம் வேண்டாம். எந்தக் காரணத்துக்காக அழைத்தார்கள் என்பதைவிட, எந்தத் தகுதியில் உட்கார வைக்கிறார்கள் என்பதே முக்கியம். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரா, நியமன உறுப்பினரா, சிறப்பு அழைப்பாளரா? சிறப்பு அழைப்பாளர் என்றால் வாக்கு இருக்காது. சேருமுன் துணைவிதியின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

---

தடையோட்டக்காரி

இருவருக்கும் மிக்க நன்றி. 1928-இல் 800 மீட்டர் நீக்கப்பட்டதைப் படித்தபோது உடல் சிலிர்த்தது. துணைவிதி கேட்டு இன்று காலையே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேட்க விரும்புகிறேன். நவாலோடு அதே பந்தயத்தில் ஓடிய உஷாவும் நிர்வாகத்துக்கு வந்தார். அதுவும் தலைவராகவே வந்தார். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவர். அவர் பெயரைக் கேட்டு ஓடத் தொடங்கிய தலைமுறை எங்களுடையது. ஆனால் மல்யுத்த வீராங்கனைகள் தெருவில் அமர்ந்திருந்த நாட்களை நினைத்தால் என் மனம் இன்னும் கலங்குகிறது. களத்திலிருந்து வந்தவர் என்பது மட்டும் போதுமா?

---

மறுமொழி 3: முன்னாள் செயலாளர்

அம்மா, நான் வேறொரு விளையாட்டின் சங்கத்தில் ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தவன். மேசையின் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உஷா அவர்கள் 2022 டிசம்பரில் போட்டியின்றித் தலைவரானார். மறுமாதமே மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். ஏப்ரலில் மீண்டும் அமர்ந்தபோது, தெருவில் இறங்கியது ஒழுங்கீனம் என்றும் நாட்டின் பெயருக்குக் களங்கம் என்றும் பொருள்படும்படி உஷா பேசியது பலரைப் புண்படுத்தியது. மே மாதத் தொடக்கத்தில் அவர் நேரில் சென்று அவர்களைச் சந்தித்தார். அவர் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் அந்தச் சொற்கள் தவறானவை என்றே கருதுகிறேன். புகார் சொல்பவர்கள் எந்த வாயிலைத் தட்டினார்கள், அது திறந்ததா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். பதவியில் உட்கார்ந்தவுடன் அமைப்பின் நற்பெயரைக் காப்பதே தன் முதல் வேலை என்ற எண்ணம் ஒருவரைப் பற்றிக்கொள்கிறது. என்னையும் பற்றியது. ஒரு சிறுமியின் தாய் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி என்னிடம் முறையிட வந்தபோது, முதலில் என் மனத்தில் தோன்றியது "இது பத்திரிகைக்குப் போய்விடக்கூடாது" என்பதுதான். அந்த அம்மையாரின் முகத்தை நினைத்தால் இன்றும் தலை குனிகிறேன். பின்னர் புகாரை முறைப்படி எடுத்துக்கொண்டோம் என்பது உண்மை. ஆனால் அந்த முதல் நொடி என்னுடையது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

உஷாவின் காலத்திலிருந்து கற்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி நியமனத்தை அவர் அறிவித்தபோது, செயற்குழுவில் பெரும்பான்மையினர் அதை ஏற்க மறுத்தார்கள். அந்த இழுபறி ஓராண்டுக்கும் மேலாக நீடித்தது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. நாற்காலி ஒருவரிடமும் வாக்குகள் மற்றவர்களிடமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அது காட்டியது. போட்டியின்றி வருபவருக்கு, தமக்காக வாக்குக் கேட்டு உழைத்த ஆதரவாளர்கள் என்று ஒரு கூட்டம் உருவாவதில்லை. 2001-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட முதல் பெண் அனிதா டிஃப்ரான்ட்ஸ். 1976-இல் துடுப்புப் படகில் வெண்கலம் வென்றவர், அக்குழுவின் முதல் பெண் துணைத் தலைவர். எவ்வளவோ தகுதிகள் இருந்தும் முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2025 மார்ச்சில் ஜிம்பாப்வேயின் நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கோவென்ட்ரி, ஏழு பேர் போட்டியிட்ட தேர்தலில் முதல் சுற்றிலேயே 97 வாக்குகளில் 49 பெற்று வென்றார். அவர் குழுவுக்குள் வந்த வழி வேறு: ஒலிம்பிக் கிராமத்தில் வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வீரர்கள் ஆணையத்தின் வழியாக வந்து, பின்னர் அந்த ஆணையத்துக்கே தலைவரானார். தன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்பது அவருக்குத் தெரியும்.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே பொருள்நிரலும் இணைப்புகளும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான துணைவிதிகளில் அது இருக்கும், யாரும் கேட்பதில்லை. மினிட்ஸ் புத்தகத்தைக் கூட்டம் முடிந்த அன்றே படித்துப் பாருங்கள். நீங்கள் எதிர்த்துப் பேசிய தீர்மானம் "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதப்பட்டிருக்கலாம். நானே அப்படி எழுதியிருக்கிறேன். கையெழுத்திடுமுன் திருத்தச் சொல்லுங்கள். மேடையில் தட்டு ஏந்தும் பொறுப்பை மறுக்கச் சொல்லமாட்டேன், அதோடு நிதிக் குழுவிலோ போட்டி அமைப்புக் குழுவிலோ ஓர் இடத்தையும் கேளுங்கள். எந்த ஓட்டம் நடக்கும், எது நடக்காது என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவது குழுதான்.

சிறுமியர் தடை ஓட்டத்தை மீட்க வேண்டுமானால் உணர்ச்சியோடு பேசுவது பயன் தராது என்பது என் அனுபவம். பதிவு குறைவு என்று சொன்னார்கள் அல்லவா? எத்தனை பேர், எந்தெந்தப் பள்ளிகள், சிறுவர் பிரிவில் எத்தனை பேர் என்று கேட்டீர்களா?

---

மறுமொழி 4: நெடுந்தூரம்

நான் பெண் பயிற்சியாளர். இந்தத் திரியில் எல்லோரும் குழுக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். களத்தின் ஓரத்தில் நிற்பவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாரிஸ் 2024-இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சரிபாதி இடங்கள் ஒதுக்கப்பட்டன, 5,250 வீதம். அது பெரிய செய்தி, கொண்டாடினோம். ஆனால் டோக்கியோவில் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர்களில் பெண்கள் 13 விழுக்காடுதான். ஓடுகிற பெண்கள் ஐம்பது விழுக்காடாகியும், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பெண்கள் அதில் கால்பங்கை ஒட்டியே நிற்கிறார்கள். நிர்வாகிகளாக வருபவர்கள் பெரும்பாலும் பயிற்சியாளர்களாகவோ நடுவர்களாகவோ இருந்து மேலே வருபவர்கள். அந்தப் படியில் ஆளில்லை என்றால், மேல்படியில் எந்த விதியை எழுதினாலும் "யாராவது ஒரு பெண் வேண்டும்" என்ற அழைப்புதான் மீண்டும் மீண்டும் வரும்.

தோழி, உங்கள் சங்கத்தில் பெண் நடுவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். தடைகளைப் பற்றியும் கேளுங்கள். பெண்களுக்கான நானூறு மீட்டர் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர், சிறுமியருக்கு அதற்கும் தாழ்வாக இறக்கக்கூடிய தடைகள் வேண்டும். நான் சென்ற பள்ளிகளில் பாதியில் அவை கிடையாது, அல்லது திருகு துருப்பிடித்து ஒரே உயரத்தில் நின்றுவிட்டிருக்கும். அதைத் தாண்ட முயன்று முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளை அடுத்த நாள் நூறு மீட்டருக்குப் போய்விடுகிறாள். பதிவு எங்கிருந்து வரும்?

---

தடையோட்டக்காரி

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணைவிதியின் நகல் இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகு வந்தது. என்னைச் சிறப்பு அழைப்பாளராகத்தான் சேர்க்க எண்ணியிருந்தார்கள். வாக்குள்ள நியமன உறுப்பினர் இடம் ஒன்று இரண்டு ஆண்டுகளாகக் காலியாக இருப்பது அதைப் படித்த பிறகே தெரிந்தது. அந்த இடத்தில் நான்காண்டுக் காலத்துக்கு என்றால் வருகிறேன், போட்டி அமைப்புக் குழுவிலும் இடம் வேண்டும் என்று கடிதம் கொடுத்தேன். முதலாவதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்கிறார்கள்.

முன்னாள் செயலாளர் ஐயா கேட்ட கணக்கை எடுத்தேன். சென்ற போட்டியில் சிறுமியர் தடை ஓட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஆறு பேர். சிறுவர் பிரிவில் ஏழு பேர். சிறுவர் ஓட்டத்தை நீக்கச் சொல்லி எவரும் முன்மொழியவில்லை. இதைத் தாளில் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பார்த்தபோது கை சற்று நடுங்கியது.

நெடுந்தூரம் தோழி சொன்னதைக் கேட்ட பிறகு, மூன்று வாரங்களாகச் சனிக்கிழமை காலையில் என் பள்ளி மைதானத்தைத் திறந்து வைக்கிறேன். எங்கள் தடைகளிலும் நான்கின் திருகு துருப்பிடித்துத்தான் இருந்தது. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து இறக்கினோம். முதல் வாரம் வந்தவர்கள் ஐந்து பேர். தடைகளுக்கு நடுவே எத்தனை அடி வைக்க வேண்டும் என்று உரக்க எண்ணிக்கொண்டே ஓடச் சொல்கிறேன், எனக்கு என் ஆசிரியர் சொல்லித்தந்தது போல. இப்போது பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் வருகிறார்கள். நேற்று வரை பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர், ஐந்து பள்ளிகள்.

சிறுமியர் தடை ஓட்டத்தை மீண்டும் சேர்ப்பது என்ற பொருளை எழுத்து மூலம் அனுப்பிவிட்டேன். பொருள்நிரலில் ஒன்பதாவதாக வந்திருக்கிறது. இம்முறை ஏழு நாட்களுக்கு முன்பே கைக்குக் கிடைத்தது.